உப்புக்குத் துணை சர்க்கரை

காரைக்குடிக்காரர்களுக்கு அயனி என்பது கேட்டுப் பழகிய சொல். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான நம் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் 1953 முதல் அயனிகளோடுதான் வேலை. நான் குழந்தை மருத்துவர். என் கவலையெல்லாம் குடலில் ஓடும் அயனிகளைப் பற்றியது.

நம் செல்களை மூடியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள், கரையவே கரையாது. உப்பிலுள்ள, மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனியாலும் அந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. அதைக் கடத்திவிடச் சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் பல வகை. எனக்கு மிகப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

சிறுகுடல் சுவரில் ஒரு புரதம். 2 சோடியம் அயனிகளையும் 1 குளுக்கோஸையும் சேர்த்தேதான் உள்ளே எடுக்கும். செல்லுக்குள் வந்த சோடியத்தை மறுபக்கத்திலுள்ள பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடும். உப்பும் சர்க்கரையும் போன வழியே தண்ணீரும் போகும். இதில் அதிசயம் கேளுங்கள்: காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டும்போதும் இந்தப் புரதம் தன் வேலையை விடுவதில்லை! 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை நம்பித்தான் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

ஒரு சித்திரை வெயிலில், வயிற்றுப்போக்கோடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்றது. அழுதது, கண்ணீர் இல்லை. உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடியின் ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரே தம்ளரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார் தாய். தாய்மார்களே, கரைசல் கெட்டியானால் அது உடம்பிலுள்ள தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். சரியாகக் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். சாயங்காலம் குழந்தை சிறுநீர் கழித்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

கூட வந்த அப்பத்தா, “உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடுக்கலாமா டாக்டர்?” என்று கேட்டார். தாராளமாகக் கொடுங்கள் ஆத்தா என்றேன். அரிசியின் மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாகி உப்பை உள்ளே கூட்டிப் போகும். செரிக்காத மாவுச்சத்தும் வீண் இல்லை. பெருங்குடலில் நுண்ணுயிரிகள் அதைக் கொழுப்பு அமிலங்களாக்க, அவை அங்கே சோடியத்தை உறிஞ்ச உதவுகின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு இத்தகைய செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து, வயிற்றுப்போக்கு குறைவதை 2000இல் வெளியிட்டார்கள்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் இருக்கும் என்று நம்புகிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், கொதித்து ஆறிய நீரில், முழுவதையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கி வந்துவிடுங்கள்.