பாதை தெரிந்தும் பின்னால் நின்ற பிள்ளைகள்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அந்தி நிறுவை முடிந்து நேரே வந்திருக்கிறீர்கள். பலருக்கு இன்னும் தேத்தண்ணிகூடக் கிடைக்கவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறோம். போன வருடக் கடைசி விடுமுறையில் நமது பாடசாலையின் தரம் 10 பிள்ளைகள் 12 பேர், பெலிஹுல்ஓயாப் பக்கம் நடந்த ஐந்து நாள் வதிவிடத் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். கூடாரத்தில் தங்குவது, மலை ஏறுவது, ஆறு கடப்பது, தாங்களே சமைப்பது என்று ஐந்து நாள். இந்த வருடமும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் போன முறை அனுப்பிய மாதிரி அனுப்பக் கூடாது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். "ஆமிக் காம்புக்கா கூட்டிப் போறீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். கேட்டது நியாயம். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை இராணுவ முகாம்களில் வைத்து மூன்று வாரம் கட்டாயத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். மாணவர் சங்கங்கள் எதிர்த்தன, உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. அதற்குப் பிறகு தலைமைத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே நமது ஆட்களுக்கு அணிவகுப்பும் அதட்டலும்தான் ஞாபகம் வருகிறது. இது அது இல்லை. இங்கே யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, சீருடைக்காரர்களும் இல்லை.

இந்த மாதிரிப் பயிற்சியின் பழைய கதை தொழிலாளிகளோடு சேர்ந்தது. 1941இல், யுத்தம் நடந்த நேரம், வேல்ஸில் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் கர்ட் ஹான் என்ற ஆசிரியர் அவுட்வேர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். காசு போட்டவர் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி. குண்டு பட்டுக் கப்பல் மூழ்கினால், உடம்பில் பலம் இருந்தும் இளம் மாலுமிகள் சீக்கிரம் மனம் விட்டுவிடுகிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த மனத்தை வளர்க்கத்தான் கடலிலும் மலையிலும் பயிற்சி. நமது நாட்டில் சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது, பெண் சாரணியம் 1917இல் கண்டியில். இரண்டும் நமது மலைப் பக்கம்தான். அந்த நாளில் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததோ லயத்துப் பள்ளியில் கொஞ்சம் எழுத்தும் கணக்கும். பத்து வயது தாண்டினால் பேர் போட்டு மலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே இது நமக்கு யாரோ போடும் பிச்சை என்று நினைக்காதீர்கள். நூறு வருடம் பிந்தி வருகிறது, அவ்வளவுதான்.

இனிப் பிள்ளைகள் சொன்னதைக் கேளுங்கள். மலை ஏறுவது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் அட்டை ஏறியதும் கத்தி ஓடினார்கள். நமது பிள்ளைகள் சவக்காரத்தைக் காலில் தேய்த்துக் காட்டிக் கொடுத்தார்கள். மழையில் நனைந்த விறகில் அடுப்பு மூட்டியதும் நமது பிள்ளைகள்தான். பயிற்சி கொடுத்தவர்களே வாய் பிளந்து நின்றார்களாம். எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் நடந்ததுதான் எங்களை யோசிக்க வைத்தது. எட்டுப் பேர் கொண்ட குழு, கையில் வரைபடம். ஒரு சந்தியில் குழு பிழையான பக்கம் திரும்பிவிட்டது. நமது பிள்ளை ஒருத்திக்கு அது அப்போதே தெரியும். ஓடைச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று அவள் கவனித்து வைத்திருந்தாள். ஆனாலும் ஒன்றும் பேசாமல் கடைசி ஆளாக ஒரு மணித்தியாலம் பின்னாலேயே நடந்தாள். இருட்டுகிற நேரம்தான் எல்லாரும் திரும்பி வந்தார்கள். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று இரவு கேட்டபோது அவள் சொன்ன பதில்: "எங்கிட்ட யாரும் கேக்கலையே."

பெரியவர்களே, இது அவள் ஒருத்தியின் பதிலா? பிரட்டுக்களத்தில் நாம் எத்தனை தடவை இதே மாதிரி நின்றிருக்கிறோம்? எந்த மலையில் கொழுந்து முற்றிக் கிடக்கிறது என்று எடுக்கிற பெண்ணுக்குத் தெரியும். அவளை யார் கேட்கிறார்கள்? சங்கக் கூட்டத்தில்கூடப் பெண்கள் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான், திரும்பிப் பாருங்கள்.

அடுத்த நாள் வரைபடத்தை அவள் கையில் கொடுத்தார்கள். குழு நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

குறைகளையும் மறைக்க மாட்டோம். கொண்டுவர வேண்டிய சாமான் என்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள். சப்பாத்து, மழைக்கோட்டு, டோர்ச், தூங்கும் பை. பல நாட்சம்பளத்தை அது விழுங்கும். ஒரு பையன் அண்ணனின் பழைய சப்பாத்தைப் போட்டுப் போனான். இரண்டாம் நாளே அடி கழன்றது. கயிற்றால் கட்டிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் நடந்து முடித்திருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகு காலில் இருந்த புண்ணைப் பார்த்துத்தான் தாய்க்கே தெரியும். விளக்கங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தன. நமது பிள்ளைகள் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தார்கள். இன்னொன்று, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேரோடு படுத்துப் பழகியவர்களுக்கு முதல் இரவு கூடாரத்தில் தூக்கமே வரவில்லையாம். "சத்தமே இல்ல சேர், பயமா இருந்துச்சு" என்றான் ஒருத்தன். சிரிக்கலாம், ஆனால் நாங்கள் சிரிக்கவில்லை.

வந்த பிறகு என்ன நடந்தது? மேல் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்து கிடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையும் இன்னும் மூன்று பேரும் ஒவ்வொரு காம்பராவாகப் போய், யார் எவ்வளவு தூரம் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று எழுதி, கையெழுத்து வாங்கி, தோட்டத்து ஒபிசில் கொடுத்தார்கள். ஒபிசில் கேட்ட முதல் கேள்வி, "சங்கத்தில யாரு எழுதிக் குடுத்தது?" என்பது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்களுக்கே பிறகுதான் தெரியும். குழாயில் பாதியை மாற்றியிருக்கிறார்கள். கீழ்ப் பாதி இன்னும் ஒழுகுகிறது. அது சங்கம் பேச வேண்டிய வேலை, பேசுவோம்.

சில தலைவர்மாருக்கு இது பிடிக்கவில்லை என்றும் கேள்விப்பட்டோம். சின்னப் பிள்ளைகள் நம்மைத் தாண்டி ஒபிசுக்குப் போவதா என்கிறார்கள். தாண்டிப் போகாமல் இருக்க வழி இருக்கிறது. தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, அதில் ஒருத்தி பெண்ணாக, இடம் கொடுங்கள். வாக்கு வேண்டாம், பேச நேரம் கொடுத்தால் போதும்.

இந்த முறை அனுப்புவதற்கு ஏற்பாட்டாளர்களிடம் மூன்று விசயம் கேட்டிருக்கிறோம். சாமான்களை அவர்களே இரவல் கொடுக்க வேண்டும், சப்பாத்து உட்பட. தமிழில் விளக்க ஒருவர் ஐந்து நாளும் கூட இருக்க வேண்டும். இடங்களில் பாதி பெண் பிள்ளைகளுக்கு. முதல் இரண்டுக்கும் சரி என்றிருக்கிறார்கள், மூன்றாவது நமது கையில்தான் இருக்கிறது. போன முறை போன 12 பேரில் பெண் பிள்ளைகள் மூன்று பேர்தான். ஐந்து இரவு வெளியில் விட மாட்டோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அதற்காக மாதர் சங்கத்திலிருந்து இரண்டு தாய்மார் கூடப் போக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அவர்களுக்கு இல்லாமல் போகும் ஐந்து நாள் பேரைக் கிளை நிதியிலிருந்து கொடுக்க, இன்று இந்தக் கூட்டத்தின் சம்மதம் தேவை. விரும்புகிறவர்கள் கை தூக்கலாம். பின்வரிசையில் இருக்கிறவர்களையும் எண்ணச் சொல்லியிருக்கிறோம்.