வீதியில் ஒலிக்கும் எதுகை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதை நூல்களை வாங்குவோர் குறைவு என்னும் வருத்தம் இலக்கிய மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. ஆயினும் தமிழ் மக்கள் தொடை நயத்தை மறந்துவிடவில்லை. காலையில் வீட்டைவிட்டு இறங்கும் ஒருவர் மாலையில் திரும்புவதற்குள் எத்தனையோ எதுகை மோனைகளைக் கடந்து வருகிறார். பேருந்தின் உட்புறம், கடைப் பலகை, தேர்தல் சுவர், கைப்பேசித் திரை என எங்கும் அவை உள்ளன. கேட்போரை மகிழ்விக்கக் கவிஞர் கையாளும் கருவிகளைக் கொண்டே பிறர் கேட்போரை இணங்க வைக்கின்றனர்.

ஓசைக்கு அத்தகைய ஆற்றல் உண்டா? அமெரிக்க உளவியல் ஆய்வாளர் மெக்லோன், டோஃபிக்பாக்ஷ் இருவரும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதிகம் வழங்காத ஆங்கில மூதுரைகளை இயைபோடும், அதே பொருளில் இயைபு நீக்கியும் படிக்கக் கொடுத்தனர். இயைபுடையவையே உண்மை மிக்கவையாக மதிக்கப்பட்டன. ஆனால் சொல்லழகு வேறு, பொருள் வேறு எனப் பிரித்துப் பார்க்குமாறு முன்கூட்டியே கூறியபோது அந்த மயக்கம் குறைந்தது. இப்பிற்பகுதியே கவிஞர்களின் கவனத்திற்குரியது. ஓசையையும் பொருளையும் பிரித்தறிவது அவர்களுக்குக் கைவந்த கலையன்றோ?

தமிழகப் பேருந்துகளில் காணும் 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்பதை எடுத்துக்கொள்வோர் அதன் எதுகையையும் இயைபையும் உடனே உணர்வர். ஓசையை நீக்கினால், ஓடும் வண்டியின் படியில் நிற்பவர் விழுந்து இறக்கக்கூடும் என்பது எஞ்சும். பொருள் நிலைக்கிறது, ஓசை அதை நினைவில் நிறுத்துகிறது. இது நேர்மையான வரி.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதில் ஓசையை நீக்கினால் எஞ்சுவது வேறு. ஒரே விலைக்கு இரண்டு பொருள்களை விற்கிறார் வணிகர். இரண்டாவது பொருள் தேவையா என்ற வினாவை 'இலவசம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, 'நாம் இருவர் நமக்கு இருவர்'. இதில் உற்று நோக்க வேண்டியது 'நாம்' என்னும் சொல். 'நாங்கள்' கேட்போரை விலக்கும்; 'நாம்' அவரையும் உட்படுத்தும். வரியை எழுதியது அரசு. பேசுவதோ கணவனும் மனைவியும். அறிவுரை தம்பதியரின் சொந்த முடிவாக உருமாறிவிடுகிறது. அறிவுரையில் நன்மை இருக்கலாம். ஆயினும் நெருக்கடிநிலைக் காலத்தில், இதே குடும்பநலத் திட்டத்தின் பெயரால் 1976–77 என்ற ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பல வற்புறுத்தலால் நடந்தவை. 'நாம்' என்று அழைத்த அரசு, மறுத்தவர் குரலைக் கேட்கவில்லை. யார் பேசுகிறார், யாருடைய வாயால் பேசுகிறார் என்று அறிவது இலக்கணப் பயிற்சி மட்டுமன்று; உரிமைக் காவலும் ஆகும்.

இணங்க வைக்கும் வரிகள் அனைத்தும் தீயவை அல்ல. அவற்றை ஒழிக்கவும் இயலாது. ஓசையை நீக்கினால் எஞ்சுவது என்ன, பேசுபவர் யார், சொல்லாமல் விட்டது எது என்ற மூன்று வினாக்களை எழுப்பலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவற்றைக் கற்பிக்கலாம். அதற்குக் கவிஞரைவிடத் தக்க ஆசிரியர் இலர்.

கடைக்கும் கட்சிக்கும் அரசுக்கும் வரி எழுதித் தருமாறு கவிஞரை அழைப்போர் உண்டு. எழுதுவது குற்றமன்று. ஆனால் அவ்வரியையும் இம்மூன்று வினாக்களின் முன் நிறுத்தும் கடமை எழுதுபவருக்கு உண்டு. எதுகைக்காக மட்டும் வந்து அமர்ந்த சொல்லைத் தம் கவிதையிலிருந்தே நீக்கத் துணிந்தவர், பிறருக்காக எழுதும் வரியிலும் பொய்யை அமரவிடமாட்டார்.

பத்தாண்டுகள் செவியைப் பழக்கிய வட்டம், இனி வீதிக்கும் அச்செவியைத் திறக்குமாக!