கயிறு அறுந்த பிறகு: தெருவில் ஓடும் மாடும் காவல்துறையும்

(ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டு நம் அறக்கட்டளை நடத்திய ஆலோசனைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. ஜமாஅத்தாருடன் காவல்துறை, தீயணைப்புத் துறை அலுவலர்களும் கலந்துகொண்டனர்.)





குர்பானியின் சட்டதிட்டங்களைப் பேச ஹஜ்ரத் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருப்பது சின்னத் தலைப்பு. குட்டி யானை வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு காளை கயிறறுத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறது. அந்த நேரத்தில் போலீஸார் என்ன செய்ய வேண்டும்? நாம் என்ன செய்ய வேண்டும்? இவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஒன்று, பெருநாள் உடுப்பு வாங்கிக்கொண்டு எதிரே வரும் குழந்தையின் உயிர். இன்னொன்று அந்த வாயில்லா ஜீவனின் உயிர். மூன்றாவதாக நம் ஊரின் நிம்மதியும் இருக்கிறது. மிரண்டோடும் ஒரு மாட்டை எவரோ செல்போனில் எடுப்பார். அது வேறு தலைப்போடு நாடெங்கும் சுற்றும். இந்தக் காலத்தில் அதையும் நினைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தில் லண்டனுக்கு மேற்கே ஸ்டெய்ன்ஸ் என்ற ஊர். பத்து மாதக் கன்று ஒன்று தப்பித்து, வீடுகள் நிறைந்த தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது. பொதுமக்கள் போலீஸுக்குச் சொன்னார்கள். சர்ரே மாவட்டப் போலீஸார் சில மணி நேரம் பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஒரு காவலர் தன் ரோந்துக் காரையே கன்றின் மீது மோதினார். கன்று கீழே விழுந்து எழ முயன்றது. மறுபடியும் மோதினார். அதை யாரோ படம் பிடித்தார்கள். மறுநாள் நாடே கொதித்தது. உள்துறை அமைச்சராக இருந்த ஜேம்ஸ் கிளெவர்லி விளக்கம் கேட்டார். அந்தக் காவலர் களப்பணியிலிருந்து விலக்கப்பட்டார். கன்று காலில் பெரிய வெட்டுக்காயத்தோடு பிழைத்துக்கொண்டது. அந்த நாட்டு முஸ்லிம்களுக்கு அதற்கு இரண்டு நாள் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள்.

அந்தக் காவலரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. அவர் கையில் என்ன இருந்தது? கார் இருந்தது. கயிறு இருந்ததா, தடுப்புப் படல் இருந்ததா, மாட்டோடு பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தாரா? கையில் சுத்தியல் மட்டும் வைத்திருப்பவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் ஆணிதான். நம் ஊர்க் காவலருக்கும் இதே நிலைதான். திருடனைப் பிடிக்கப் பயிற்சி இருக்கிறது, கூட்டத்தைக் கலைக்கப் பயிற்சி இருக்கிறது. மாட்டைப் பிடிக்க? கையில் லத்தி மட்டும்தான்.

அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று லண்டன் நகரின் மையத்தில் ராணுவக் குதிரைகள் மிரண்டு ஓடின. கட்டட வேலை நடந்த இடத்தில் எழுந்த பெருஞ்சத்தம்தான் காரணம். வீரர்கள் கீழே விழுந்தார்கள், குதிரைகள் கார்களிலும் பஸ்ஸிலும் மோதின. அவற்றில் இரண்டு கிழக்கே லைம்ஹவுஸ் வரை மைல் கணக்கில் ஓடின. அங்கே போலீஸார் அவற்றைச் சுற்றி நின்று அடக்கி வைத்துக்கொண்டு, ராணுவத்தின் குதிரை வண்டி வரும்வரை காத்திருந்தார்கள். குதிரைகளுக்குப் பலத்த காயம். ஆனாலும் பிழைத்தன. இரண்டுமே ஒரே நாட்டுப் போலீஸ், இரண்டு மாத இடைவெளிதான். ஒரு இடத்தில் சுற்றி நின்று காத்திருந்தார்கள், இன்னொரு இடத்தில் பொறுமை தீர்ந்துவிட்டது.

இந்தப் பொறுமை ஏன் வேண்டும் என்பதை மாட்டின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். மாடு கூட்டத்தோடு வாழும் பிராணி. தனியாக விடப்பட்டாலே அதற்குப் பயம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றியிருப்பதை எல்லாம் பார்த்துவிடும். நேர் பின்பக்கம் மட்டும் தெரியாது. அங்கிருந்து ஓடி வருகிறவரைத்தான் உதைக்கும். தரையில் விழுந்த நிழல், மின்னும் தண்ணீர், சாக்கடை மூடி இதெல்லாம் அதற்குப் பள்ளம் மாதிரி. நாம் சாதாரணமாகத் தாண்டிப்போகும் கோட்டில் அது உறைந்து நிற்கும், அல்லது திரும்பிப் பாயும். சைரன், ஹாரன், விசில் எல்லாம் அதன் காதில் ஊசியாய் இறங்கும்.

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் நீங்கள் நுழைந்தால் அது நகரும். வெளியே நின்றால் நின்று உங்களைப் பார்க்கும். அதன் தோளுக்குப் பின்னால் நீங்கள் நின்றால் முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும் அல்லது திரும்பும். மாடு மேய்க்கும் பத்து வயதுப் பையனுக்கு இது தெரியும், அவனுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. நகரத்தில் வளர்ந்த நமக்கும் காவலருக்கும்தான் தெரியாது. நாம் என்ன செய்கிறோம்? ஐம்பது பேர் நான்கு பக்கமும் சூழ்ந்து கத்துகிறோம். அதற்கு ஓட வழியில்லை. பாய்வது ஒன்றுதான் பாக்கி.

2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிவிட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்தது. சுற்றியிருந்தவர்கள் கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். மாடு லேசில் விடவில்லை. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகுதான் தெருவில் மாடு விடுகிறவர்களுக்கு மாநகராட்சி அபராதத்தை ஏற்றியது. அந்தப் பிள்ளைக்கு நடந்தது எவருடைய பிள்ளைக்கும் நடக்கலாம். ஆகவே மாட்டுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று நான் சொல்வதை, மனிதனை விட்டுவிட்டு மாட்டைப் பாருங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டை அமைதிப்படுத்துவதே மனிதனைக் காப்பாற்றும் வழி என்கிறேன்.

மிரண்ட மாட்டின் இதயத்துடிப்பு தணிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆய்வாளர் அய்யா, இந்த ஒரு எண்ணை மட்டும் நிலையத்தில் எழுதி ஒட்டிவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. அந்த அரை மணி நேரத்தில் மாட்டைத் துரத்துவது வீண். அந்த நேரத்தை மனிதர்களை அப்புறப்படுத்தப் பயன்படுத்துங்கள். இரண்டு முனைகளிலும் போக்குவரத்தை நிறுத்துங்கள். சைரனை அணையுங்கள். செல்போன் தூக்கி நிற்கும் இளைஞர்களை விரட்டுங்கள். லத்தியை அங்கே ஓங்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்! ரயில் பாதை பக்கமோ நெடுஞ்சாலை பக்கமோ போகும் வழியில் மட்டும் ஜீப்பைக் குறுக்கே நிறுத்துங்கள். வண்டி சுவராக நிற்கட்டும், ஆயுதமாக ஓட வேண்டாம்.

பிறகு அதை எங்கே அடைப்பது என்று பாருங்கள். பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டு, மர டிப்போ, எதுவானாலும் சரி. கேட்டைத் திறந்து வைத்து, உள்ளே இன்னொரு சாதுவான மாட்டைக் கட்டி, தண்ணீரும் தவிடும் வையுங்கள். கூட்டத்தைத் தேடும் பிராணி அந்தப் பக்கம்தான் போகும். இரண்டு மூன்று பேர் மட்டும், கையை ஆட்டாமல், பேச்சில்லாமல், சாய்வாக நடந்து ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். தார்ப்பாய் ஒன்றை இருவர் விரித்துப் பிடித்தால் மாட்டுக்கு அது சுவர். அதற்குள் கேட்டைச் சாத்திவிடலாம். வளர்த்தவரை அல்லது ஓட்டிவந்தவரை அழைத்து அவர் குரலில் கூப்பிடச் சொல்லுங்கள். பழகிய குரலுக்கு மாடு காது கொடுக்கும்.

மயக்க ஊசி போட்டால் என்ன என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். சினிமாவில் ஊசி பட்டதும் யானை சாய்கிறது. நிஜத்தில் மருந்து வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும். மிரண்டிருக்கும் மாட்டுக்கு இன்னும் கூடும், சில சமயம் சரியாக ஏறவே ஏறாது. ஊசி பட்ட வலியில் அது இன்னும் வேகமாக ஓடும். தடுமாறிக் கிணற்றிலோ சாக்கடையிலோ விழும். அடைத்துவிட்ட இடத்தில் மருத்துவர் போடலாம். ஓடுகிற தெருவில் கூடாது. நமக்கு இன்னொன்றும் உண்டு. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது இறைச்சியைச் சாப்பிடக் கூடாது. பெருநாள் அன்று ஊசி போட்ட மாடு அன்று அறுக்க உதவாது. ஏழு பேர் கூடி வாங்கிய பங்கு அப்படியே நிற்கும்.

துப்பாக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கிக் குண்டு பெரிய காளையை நின்ற இடத்தில் சாய்த்துவிடும் என்று நம்ப முடியாது. காயம்பட்ட காளை முன்பைவிட ஆபத்து. குண்டு சுவரில் பட்டு எங்கே திரும்பும் என்பதும் தெரியாது. ஒருவரை அது முட்டிக்கொண்டிருக்கிறது, வேறு வழியே இல்லை என்ற நிலைதான் கடைசி நிலை.

இந்தக் கடைசி நிலையை மார்க்கமும் அறிந்தே இருக்கிறது. ஒரு பயணத்தில் ஒட்டகம் ஒன்று மிரண்டு ஓடியது. துரத்திப் பிடிக்கப் போதிய குதிரைகள் இல்லை. ஒருவர் அம்பெய்து அதை நிறுத்தினார். வீட்டுப் பிராணிகளுக்கும் சில வேளை காட்டு விலங்கின் மூர்க்கம் வந்துவிடுகிறது, உங்களை மீறிப்போனால் இப்படிச் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் வருகிறது. துரத்த முடியாத பிறகுதான் அம்பு என்பதைக் கவனியுங்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். அறுக்கப் போகும் மாடுதானே, அடித்தால் என்ன என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வெளிப்படையாகத் தெரியும் நொண்டி குர்பானிக்கு ஆகாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். துரத்தலில் கால் ஒடிந்த மாட்டின் நிலை என்ன என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். மாடு ஓடினால் நம்மவர்கள் போலீஸுக்குச் சொல்வதில்லை. ஏன்? வழக்குப் போடுவார்கள், மாட்டைக் கொண்டுபோவார்கள், பெருநாளும் போய்விடும் என்ற பயம். அதனால் பத்துப் பிள்ளைகள் பைக்கில் துரத்துகிறார்கள். ஒரு தெருவில் முடிய வேண்டியது நான்கு தெருவுக்குப் போகிறது. இந்தப் பயம் தவறு என்று சொல்லிப் பயனில்லை. அதைப் போக்குவது காவல்துறையின் கையில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. பிராணியைக் கவனமில்லாமல் விட்டு மனிதருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. பிராணியை வதைத்தால் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது அடிக்கும் பொதுமக்களுக்கும் பொருந்தும். தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும் என்று 1871-லேயே போலீஸாருக்குச் சட்டம் எழுதிவிட்டார்கள். பவுண்டு இருந்த இடத்தில் பல ஊர்களில் இன்று வணிக வளாகம் நிற்கிறது, அது வேறு கதை.

ஆய்வாளர் அய்யாவிடம் நான் கேட்பது, முதலில் பிடிப்போம், பிறகு விசாரிப்போம் என்ற வரிசை. தானாக முன்வந்து உடனே தகவல் சொன்னவரையும், மறைத்து ஆபத்தைப் பெருக்கியவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தால் பதிவு கிடைக்கும். உரிமையாளர் யார் என்று தெருத்தெருவாய்க் கேட்க வேண்டியதில்லை.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பெரும்பாலும் மாடு தப்புவது வண்டியிலிருந்து இறக்கும்போதுதான். சாய்வுப் பலகை இல்லாமல் குதிக்க வைக்கிறோம். மண் மேடோ, வைக்கோல் கட்டோ போட்டுச் சரிவாக இறக்குங்கள். நைலான் கயிறு வேண்டாம். கை அறுக்கும், முடிச்சு வழுக்கும். மூக்கணாங்கயிறு ஒன்றை மட்டும் நம்பாமல் கழுத்துக்கும் தனிக்கயிறு போடுங்கள். ஒரு மாட்டைத் தனியே இறக்குவதைவிட இரண்டாகச் சேர்த்து இறக்கினால் அமைதியாக வரும். பட்டாசுச் சத்தம் கேட்கும் நேரத்தில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இறக்காதீர்கள். பிள்ளைகள் கிடாவைப் பிடித்து விளையாடட்டும், காளையின் பக்கம் விடாதீர்கள், தாய்மார்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ஓடிவிட்டால், துரத்த வேண்டாம். ஒருவர் தூரத்தில் நின்று கண்காணிக்கட்டும். இன்னொருவர் உடனே 112-க்குச் சொல்லட்டும். கிணற்றிலோ பள்ளத்திலோ விழுந்தால் 101. காயம் பட்டிருந்தால் 1962, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்ன தெரு வழியாக வருகிறது, வீட்டுக்குள் இருங்கள் என்று ஒருமுறை அமைதியாக அறிவித்தால் போதும். கத்தி அறிவித்தால் எல்லோரும் வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிடுவார்கள், நம் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா!

அறக்கட்டளை சார்பில் பருத்திக் கயிறு, இரண்டு தார்ப்பாய், நான்கு மூங்கில் படல் வாங்கிப் பள்ளிவாசல் வாசலில் வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாடு வளர்த்த, கயிறு பிடிக்கத் தெரிந்த ஆறு பேர் வேண்டும். வீரம் காட்டுகிறவர்கள் வேண்டாம், நிதானமாக நடக்கத் தெரிந்தவர்கள் போதும். அந்த ஆறு பேரின் பெயரும் எண்ணும் இன்றே காவல் நிலையத்துக்குக் கொடுக்கப்படும். அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள், இன்ஷா அல்லாஹ்.