எந்த ஊரில் வாங்கலாம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். போண்டா ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

லிப்டில், காலை நடையில், எங்கே பார்த்தாலும் நம் வளாகத்தில் இப்போது ஒரே கேள்விதான்: "ஓசூரில் போடலாமா, கோயம்புத்தூரா, மதுரையா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். கையில் இருப்பது பி.எஃப்., கிராஜுவிட்டி பணம். இந்த வயதில் திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம். அதனால் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குப் போகும் முன் ஒரு கணக்கு. 60 லட்சத்துக்கு ஒரு பழைய பிளாட் வாங்குகிறோம் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 5.40 லட்சம் அங்கேயே போயிற்று. மாதம் 15,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1.80 லட்சம். அதாவது முதல் மூன்று வருட வாடகை பதிவுச் செலவுக்கே சரியாகப் போகும். சொத்து வரி, பராமரிப்புத் தொகை, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதங்கள் இதெல்லாம் தனி. மொத்தத்தில் 3 சதவீதம்கூடத் தேறாது. மனையாக வாங்கினால் அதுவும் இல்லை. விற்கும்போது லாபத்தில் வரி வேறு: இப்போது வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொள்ளும் பழைய சலுகை, 2024 ஜூலை 23 முதல் வாங்கும் சொத்துக்குக் கிடையாது.

ஆக, விலை நன்றாக ஏறினால்தான் நமக்கு ஏதாவது மிஞ்சும். விலை எங்கே ஏறும்? வேலைக்கு ஆட்கள் வந்து குடியேறும் ஊரில். புரோஷரில் படம் போட்ட ஊரில் அல்ல.

மதுரையைப் பாருங்கள். எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். 2022-ல் முதல் வகுப்பு தொடங்கியபோது மாணவர்கள் உட்கார்ந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். மதுரை, கோவை மெட்ரோ திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது சொன்ன காரணம். ஆனால் "எய்ம்ஸ் அருகில்", "மெட்ரோ வரப்போகிறது" என்று சொல்லி மனை விற்றவர்கள் விலையை முன்கூட்டியே ஏற்றி வாங்கிக்கொண்டார்கள். பரந்தூரும் அப்படித்தான். வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வருவதற்குள் நமக்கு எத்தனை வயதாகும் என்பதுதான் கேள்வி.

ஓசூர் வேறு மாதிரி. அங்கே வேலை இருக்கிறது: அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன், இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவோடு நின்றுவிட்டது, ஓசூருக்கு வரவில்லை. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை இலவசச் சாப்பாட்டோடு கூட்டிப்போகும் வேன் "ஓசூர், ஓசூர்" என்று சொல்லிக்கொண்டே சூளகிரியையும் தாண்டிப் போய் நிற்கும். அங்கே வாடகைக்கு யார் வருவார்? ஓசூரில் வாங்குவதானால் ஊருக்குள், கட்டிய வீடாக வாங்குங்கள்.

எனக்குக் கோயம்புத்தூர் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பம்ப், மில், ஆஸ்பத்திரி, கல்லூரி, ஐ.டி. என்று பல தொழில் கலந்த ஊர். ஒன்று படுத்தாலும் குடிவர ஆள் இருப்பார்கள். விலையும் அதற்குத் தக்கபடிதான் சொல்கிறார்கள்.

எந்த ஊரானாலும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே நமக்காக ஒரு நடை போய்ப் பார்த்துவர யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் டல்லஸிலும் சிங்கப்பூரிலும். வேலி போடாத மனையில் அடுத்தவர் மாடு கட்டுவார், பிறகு கொட்டகை போடுவார். முழங்கால் வலியோடு அந்த ஊர் கோர்ட்டுக்கு அலையப்போவது நாம்தான். மச்சினன், பழைய ஆபீஸ் நண்பர் யாராவது இருக்கும் ஊர், விலை கொஞ்சம் மெதுவாக ஏறினாலும் பரவாயில்லை என்பேன்.

மனை என்றால் டி.டி.சி.பி. அனுமதி எண், ரெரா பதிவு எண், பட்டா, முப்பது வருட வில்லங்கம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேனில் ஏறிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு போகிறவர்கள் நாலைந்து பேர் இங்கேயே இருக்கிறீர்கள் என்று தெரியும். அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல், பத்திர நகலை மட்டும் வாங்கி வாருங்கள். திங்கள் மாலை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.