காட்டோரத்துப் பழைய வீடு



சுவீடனில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் இப்போது நகரத்தை விட்டுத் தள்ளி, காட்டோரங்களில் பழைய மரவீடுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே நாலு குடும்பம். இதைக் கேள்விப்படுகிறவர்களில் ஒரு பகுதியார், "அண்ணை, உங்களுக்கென்ன விசரோ, காசைக் கொண்டுபோய்க் காட்டுக்குள்ளை கொட்டுறியள்" என்கிறார்கள். மற்றப் பகுதியார் எங்கே, எவ்வளவு, எப்படி என்று விபரம் கேட்கிறார்கள். இரண்டு பகுதியாருக்கும் சேர்த்துத்தான் இன்றைய பேச்சு. ஹெல்சிங்லாண்ட் பக்கத்தில் நாங்கள் அப்படி ஒரு வீட்டை வாங்கி மூன்று கோடைகாலம் முடிந்துவிட்டது.

இந்த வகை வீட்டை இங்கே 'தோர்ப்' என்பார்கள். பெரிய நிலக்காரரின் காணியில் ஒரு துண்டில் குடியிருந்துகொண்டு, வாடகைக்குப் பதிலாக அவருடைய வயலில் இத்தனை நாள் என்று வேலை செய்து கொடுத்த ஏழைக் குடியானவரின் வீடு அது. அப்படிப் புதிய ஒப்பந்தம் எழுதுவதைச் சட்டம் தடுத்தது 1943இல்தான். இப்போது காட்டுக்குள் இருக்கிற சிறிய சிவப்பு வீடு எல்லாவற்றுக்குமே அந்தப் பெயர் ஒட்டிவிட்டது. ஏன் இவ்வளவு வீடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன என்று கேட்டால், அதுவும் ஒரு புலம்பெயர்ந்த கதைதான். 1867இலிருந்து 1869 வரை இந்த நாட்டில் பெரும் பஞ்சம். 1850க்கும் 1930க்கும் இடையில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் பிறகு தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போனார்கள். கடைசியில் வீட்டில் ஒரு கிழவியோ கிழவரோ தனித்திருந்து, அவரும் போனபின் உரித்தாளர்கள் விற்கிறார்கள். நாங்கள் வாங்கியதும் அப்படி ஒரு அம்மாவின் வீடுதான்.

பத்திர விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலையில் 1.5 வீதம் முத்திரை வரி. மூன்று மாதத்துக்குள் உரிமையைப் பதிய வேண்டும். வாங்குமுன் நன்றாகப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத பழுது இருந்தால், விற்றவர் பத்து வருடம்வரை பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இறந்தவரின் வீட்டை உரித்தாளர்கள் விற்கும்போது "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியைக் கண்டால், கையெழுத்து வைக்குமுன் காசு கொடுத்து ஒரு வீட்டுப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காசில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திறப்பு கைக்கு வந்தவுடன் எல்லோருக்கும் வருகிற ஆசை, கிடக்கிற சாமான் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, தும்புத்தடியை எடுத்துக் கூட்டுவது. அங்கேதான் முதல் ஆபத்து. வடக்குப் பக்கத்துக் காடுகளில் 'சோர்க்' என்றொரு சின்னக் காட்டெலி இருக்கிறது. குளிர்காலத்தில் அது ஆளில்லாத வீட்டுக்குள் வந்து குடியிருக்கும். அதன் எச்சமும் சிறுநீரும் காய்ந்து தூசியோடு கலந்திருக்கும். அந்தத் தூசியைச் சுவாசித்தால் 'சோர்க்ஃபேபர்' என்ற காய்ச்சல் வரலாம். ஊரில் வயல் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சல் அல்ல, இது வேறு. பூமாலா என்ற வைரசால் வருவது. கடும் காய்ச்சல், தலையிடி, முதுகு நோ வரும், சிறுநீரகத்தையும் தாக்கும். இரண்டு மூன்று கிழமை கழித்து வருவதால், வீடு கூட்டியதுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. வைத்தியரிடம் போனால் "பழைய வீடு துப்பரவாக்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

ஆகவே முதலில் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே போய் இருங்கள். நல்லாய்க் காற்றோட்டம் வந்தபின், முகமூடியும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரை எச்சத்தின் மேல் ஊற்றி ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்தபடி கூட்டக்கூடாது. தூசி உறிஞ்சும் மெசினும் வேண்டாம். எலி கூடு கட்டிய மெத்தை, தலையணைகளை இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த வேலை முடிந்தபின் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

அடுத்தது அஸ்பெஸ்ரஸ். 'சீற்' போட்ட வீடு எங்களுக்குப் புதிதல்ல, யாழ்ப்பாணத்தில் அதற்குக் கீழே படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். சுவீடனில் 1982இல் அதைத் தடைசெய்தார்கள். அதற்கு முன் கட்டிய அல்லது திருத்திய வீட்டில் அது கூரையில், வெளிச்சுவர்த் தகட்டில், நிலத்தில் ஒட்டிய விரிப்பின் பசையில், புகைக்குழாய்ச் சுற்றில் இருக்கலாம். உடையாமல் இருக்கிற தகட்டைச் சும்மா விட்டால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அறுத்தால், துளைத்தால், உரசினால்தான் நார் பறக்கும். சந்தேகம் என்றால் சின்னத் துண்டொன்றைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால் அனுமதி உள்ளவர்களைப் பிடியுங்கள். குப்பை நிலையத்துக்கு மற்றச் சாமானோடு கலந்து கொண்டுபோகவும் முடியாது, நகரசபையிடம் முதலே கேட்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் இருந்த சாமான்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகப் பேச வேண்டும்.

உரித்தாளர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டோடு சேர்த்து விற்றிருந்தார்கள். அது சட்டப்படி எங்களுடையது. தறி ஒன்று, தையல் மெசின், நிலவறையில் ஆண்டு எழுதி ஒட்டிய பழப்பாகுப் போத்தல்கள், லாச்சி நிறையப் பொத்தான்கள். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் படங்கள். முதற்பிரசாதம் வாங்குகிற வெள்ளைச் சட்டைப் பெண்பிள்ளை, குதிரையோடு ஒரு மனிதர், அமெரிக்காவிலிருந்து வந்த படமென்று முத்திரையில் தெரிகிற ஒரு குடும்பம். றெயிலர் வாசலில் நிற்கிறது, குப்பை நிலையம் பூட்டுவதற்கு ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது. என் மனைவி அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்துவிட்டா.

"எங்கட அல்பத்தையும் ஆரோ ஒராள் இப்படித்தான் கையில எடுத்திருக்கும்" என்றா.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்ட இரவு அவவின் குடும்பம் அரிசியும் பத்திரங்களும் கொண்டுபோனது. அல்பம் சுவாமியறை அலுமாரிக்குள் இருந்தது. பிறகு போய்ப் பார்த்தபோது கூரையும் இல்லை, நிலையும் கதவும் இல்லை. அல்பத்தை யார் எடுத்தார்கள், எரித்தார்களா, மழையில் ஊறியதா என்று இன்றுவரை தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இதே கதை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு றெயிலர் வெறுமையாகவே நின்றது. அடுத்த நாள் அந்தப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோனோம். எண்பது வயது தாண்டியவர், பேச்சுக் குறைவு. ஒவ்வொரு படமாகப் பார்த்து, பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதினார். வெள்ளைச் சட்டைப் பிள்ளைதான் வீட்டுக்கார அம்மா. இங்கே அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப்பழமையைப் பேணுகிற ஒரு சங்கம் இருக்கிறது, 'ஹெம்பிக்ட்ஸ்ஃபொரேனிங்' என்பார்கள். உரித்தாளர்கள் தங்களுக்கு வேண்டாமென்று சொன்னபின் படங்களைச் சங்கத்துக்குக் கொடுத்தோம். தறியையும் அவர்களே வந்து ஏற்றிப் போனார்கள். நான் சொல்வது இதுதான்: உடுப்பு, பாத்திரம், கதிரை இவற்றைப் பிரிப்பது லேசு. படம், கடிதம், கையெழுத்துள்ள எதையும் முதல் மாதத்தில் எறிய வேண்டாம். ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டு, அயலில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பென்சில் எழுத்துக்குப் பிறகுதான் எங்களுக்கும் அந்த அயலில் கதைபேச ஒரு வாசல் திறந்தது.

வெறுமையாக்கியபின் உடைக்கத் தொடங்காதீர்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் வீட்டைச் சும்மா பாருங்கள். எந்த மூலை ஈரமாகிறது, பனி உருகும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே மணக்கிறது என்று எழுதி வையுங்கள். பழைய மரவீட்டைக் கொல்வது வயதல்ல, தண்ணீர். கூரையில் ஓடு விலகியிருந்தால் முதலில் அது, பிறகு பீலி, பிறகு நிலம். நூறு வருடமாக விழுந்த இலையும் பூப்பாத்தி மண்ணும் சேர்ந்து நிலம் உயர்ந்து, சுவரின் அடிமரத்தைத் தொட்டிருக்கும். அந்த மண்ணை வெட்டி, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி சரிவு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மண்வெட்டியும் முதுகும்தான் செலவு. அடிமரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை லேசாக இறங்கினால் உக்கிவிட்டது. அதை மட்டும் ஜக் வைத்து உயர்த்தி மாற்றுகிற தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள், வீட்டை இடிக்கத் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் கூடுதலாகச் செய்கிற வேலை ஒன்று: குளிருக்குப் பயந்து உட்சுவர் முழுக்கப் பிளாஸ்ரிக் விரித்து, பஞ்சு அடைத்து, அத்திவாரக் கல்லில் இருக்கிற காற்றுத் துவாரத்தையும் சீமெந்தால் பூசிவிடுவது. தினமும் அடுப்பெரிந்த சூட்டிலும் இடுக்குகளால் வந்த காற்றிலும்தான் அந்த மரம் காய்ந்து நின்றது. மூச்சை அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, சில வருடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச் சுவருக்கும் அதே கதைதான். அந்தச் சிவப்பு நிறம் ஃபாலுன் செப்புச் சுரங்கத்துக் கழிவு மண்ணிலிருந்து வருவது. சுரங்கம் 1992இல் மூடப்பட்டது, 2001இல் உலக மரபுரிமை இடமானது, நிறம் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. தண்ணீர், மா, இரும்புச் சல்பேற், செம்பொடி, ஆளிவிதை எண்ணெய் சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சுவார்கள். நாங்கள் முற்றத்தில் காய்ச்சியபோது, கூழுக்கு ஆள் சேர்ந்த மாதிரி அயல் முழுக்க வந்துவிட்டது. அது மரத்தை மூடாது, மூச்சுவிட விடும். அதற்கு மேல் கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் பெயின்ற் பூச வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவிட்டு வெளியே வையுங்கள்.

அடுப்பைப் பற்ற வைக்குமுன் புகைக்கூட்டுக்காரரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் எரியாத புகைக்கூட்டில் வெடிப்பும் பறவைக் கூடும் இருக்கும். அவர் எரிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் எரிக்கக் கூடாதுதான். நிரந்தர வயர் வேலையைப் பதிவுள்ள மின் நிறுவனம்தான் செய்யலாம். "மச்சானுக்கு வேலை தெரியும்" என்பது இங்கே செல்லாது, பிறகு தீப்பிடித்தால் காப்புறுதியிலும் சிக்கல். திருத்த வேலையின் கூலியில் வழமையாக 30 வீதம் வரிக்கழிவு கிடைக்கும், ஆளுக்கு வருடத்தில் 50,000 குறோனர் வரை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவருக்கும். மலகூடக் குழி பழையதென்றால் அதையும் கணக்கில் வையுங்கள். இப்போதைய விதிப்படி புதிதாக அமைக்க ஒரு இலட்சம் குறோனரைத் தாண்டுவது சாதாரணம்.

எங்கள் வீட்டில் இன்னும் வேலை கிடக்கிறது. வடக்குப் பக்கத்து அடிமரம் மாற்ற வேண்டும், யன்னல்கள் பாதிதான் முடிந்தன. பழைய கடதாசிச் சுவரின் ஒரு துண்டை மகள் உரிக்க விடவில்லை. அதற்குக் கீழே ஒட்டியிருக்கிற பழைய செய்தித்தாளை அவ எழுத்துக் கூட்டி வாசித்து எங்களுக்குச் சொல்லுகிறா. கிணற்றுத் தண்ணீரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதையும், அதை எப்படிச் செய்வது என்பதையும் அடுத்த பேச்சில் சொல்கிறேன். கேள்விகள் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள்.