ஒருத்தி கையிலிருந்த சாவி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுப் பெருமையைப் பலர் பேசிவிட்டார்கள். நாங்கள் சங்கத்தின் கணினி வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொட்டாவி விட்டால் கோபிக்கமாட்டோம்.

கொழும்பு, யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் கிளைகளின் உறுப்பினர் பட்டியல், புலமைப்பரிசில் கணக்கு, பழைய படங்கள் எல்லாம் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளில் இருக்கின்றன. கோப்பு, நாட்காட்டி, உரையாடல் யாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக் கூட்டாக வேலைசெய்ய உதவும் இந்தத் திறந்த மூல மென்பொருள் 2016இல் வெளிவந்தது. வாடகைச் சேர்வர் ஒன்றில் அதை நிறுவித் தந்தவர் எங்கள் வகுப்புத் தோழி. ஒருநாள் சேர்வர் நின்றுபோனது. பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பவேண்டிய வாரம் அது. தோழியோ அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், தாயாருக்காகக் காத்திருந்தார். நாங்கள் தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அப்படியான நேரத்தில் ஒருவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நன்கறிந்த வைத்தியர்கள் எங்களுள்ளேயே இருந்தோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதன் பிறகுதான் நிறுவும் வேலையைத் தானியங்கியாக்கத் தொடங்கினோம். கருவியின் பெயர் அன்சிபிள். சேர்வர் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று கோப்பில் எழுதிக் கொடுத்தால், அது அந்த நிலைக்குக் கொண்டுவரும். எங்களுக்கு அது இப்படித்தான் விளங்கியது: ‘இன்னொரு குளிசை கொடு’ என்று எழுதி, இரண்டு தாதியர் அதைப் பார்த்தால் இரண்டு குளிசை போய்விடும். ‘இன்று ஒரு குளிசை எடுத்திருக்கவேண்டும்’ என்று எழுதினால், எடுத்தாயிற்றா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் கொடுப்பார்கள். இரண்டாவது விதமாக எழுதிய கட்டளையைப் பத்துத் தடவை ஓட்டினாலும் கேடில்லை. எங்கள் முதற் கோப்பில் நாங்களே சேர்த்த சில வரிகள் முதலாவது விதம். அதனால்தான் சில மூத்த அக்காமாருக்கு ஒரே வரவேற்புக் கடிதம் மூன்று தடவை வந்தது. பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி.

பெயர்கள் இன்னொரு தலையிடி. பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அப்படியே ஏற்றினால் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் படியையும் சேர்த்தோம். மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் ஒருவர் கண்ணால் பார்க்கவேண்டும். அதைக் கருவியிடம் விடவில்லை.

காப்புப் பிரதிக்கு இலங்கை நேரம் அதிகாலை 2 மணி வைத்தோம். அப்போது ரொறன்ரோவில், குளிர்காலத்தில், முதல்நாள் பிற்பகல் 3.30, அங்கே யாராவது கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதலில் எல்லோரையும் வெளியே நிறுத்தி, கோப்புகளையும் அமைவுகளையும் தரவுத்தளத்தையும் சேர்த்தே பிரதி எடுக்கிறோம். கடவுச்சொற்கள் பூட்டிய தனிக் கோப்பில். அதன் திறவுச்சொல் இப்போது மூன்று ஊர்களில், மூன்று பேரிடம்.

சென்ற விடுமுறையில், எங்களுக்கு இருபது வயது இளைய தங்கை ஒருத்தியிடம் வெறும் சேர்வர் ஒன்றைக் கொடுத்து, வழிகாட்டித் தாளை மட்டும் பார்த்துக் கட்டச் சொன்னோம். பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் நின்றுவிட்டது. தளத்தின் பெயரைப் புதிய சேர்வருக்கு மாற்றிய பின் ‘கொஞ்ச நேரம் பொறுக்கவும்’ என்று தாளில் எழுதியிருந்தோம். “அக்கா, கொஞ்சம் என்றால் எவ்வளவு?” என்று கேட்டாள். நோயாளியின் குறிப்பேட்டில் ‘கொஞ்சம்’ என்று எழுதினால் தாதியர் எங்களைச் சும்மா விடுவார்களா? இப்போது பெயர் மாறிவிட்டதா என்று கருவியே பார்த்து, மாறிய பிறகே அடுத்த படிக்குப் போகிறது.

அடுத்த விடுமுறையிலும் அவளே கட்டப்போகிறாள். கூட இருந்து பழக விரும்பும் தங்கைமார், தேநீர் இடைவேளையில் எங்களிடம் பெயரைத் தாருங்கள்.