வேதியியல் துறையும் நம் பிள்ளைகளும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் பேச வருமாறு சங்கத்தின் செயலாளர் என்னை அழைத்தபோது, கல்வியின் பெருமை குறித்துப் பேசுங்கள் என்றார். கல்வியின் பெருமையை இந்த மன்றத்தில் பலரும் பலமுறை பேசிவிட்டார்கள். ஆகவே இன்று ஒரே ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வாயில் எங்கே இருக்கிறது, அதற்குள் எப்படிப் போவது, போனால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அது பல்கலைக்கழக வேதியியல் துறை.

கொட்டிவாக்கத்தில் பேருந்து ஏறி, திருவான்மியூர், அடையாறு கடந்து கிண்டிக்குப் போகாதவர் நம்மில் எவரும் இரார். அந்தச் சர்தார் பட்டேல் சாலையில் வரிசையாக நிற்கும் வாயில்களை எண்ணிப் பாருங்கள். 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று. 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இன்னொன்று. அதையடுத்து அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். நம் ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் இத்தனை வேதியியல் கூடங்கள்! தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களுக்குக் கிட்டாத அண்மை இது. ஆயினும் இத்தனை ஆண்டுகளாக அந்த வாயில்களை நாம் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்த்துவந்திருக்கிறோம். என் தந்தையார் அவற்றுள் ஒரு வளாகத்தில் கட்டட வேலைக்குக் கல் சுமந்தார். "உள்ளே என்னப்பா நடக்கிறது?" என்று சிறுவயதில் நான் கேட்டபோது, "பெரிய படிப்பு நடக்கிறது" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். என்றிருப்பதைக் கண்டு, வரலாறு படித்தவனுக்கு வேதியியலில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் எனக்கு அறிவியலில்தான் மதிப்பெண் மிகுதி. ஆனால் மேல்நிலை வகுப்பில் சேரப் போன இடத்தில், விண்ணப்பத்தை வாங்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு எதற்கப்பா அறிவியல் பிரிவு? மூன்றாவது பிரிவில் சேர்ந்துகொள், எளிதாகத் தேறலாம்" என்றார். உடன் வந்திருந்த என் தாயாரும் தலையசைத்தார். அவர் என்ன செய்வார்? மறுத்துப் பேச எங்களுக்கு அன்று ஒரு சொல்லும் தெரியவில்லை. வரலாறு எனக்குச் சோறு போட்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் என் வழியை இன்னொருவர் ஒரு நொடியில் தீர்மானித்தார் என்பது இன்றளவும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அந்த முள்ளே என்னை இங்கே பேச வைக்கிறது.

இனிச் செய்திக்கு வருகிறேன். முதலில் தோலைப் பற்றிப் பேசவேண்டும்.

தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று இந்த நாடு பல நூற்றாண்டுகள் சொல்லிவந்தது. செத்த மாட்டின் தோலை உரித்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் பதனிட்டுச் செருப்பும் கவலைப் பறியும் செய்து கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் செய்தது என்ன? சுண்ணாம்பின் காரத்தால் மயிரின் வேரைத் தளர்த்தினார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளைத் தோலின் புரத இழைகளோடு பிணைத்து, அழுகும் பொருளை அழுகாப் பொருள் ஆக்கினார்கள். இதற்கு வேதியியல் என்று பெயர். செய்தவருக்கு அறிஞர் என்ற பெயர் கிடைக்கவில்லை; இழிந்தவர் என்ற பெயரே கிடைத்தது.

அந்தத் தோலின் புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். அதன் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பது உலக அறிஞர்களுக்கெல்லாம் புதிராக இருந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், பக்கத்திலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் மாதிரியைப் பெற்று, எக்ஸ் கதிர்கள் கொண்டு ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55ஆம் ஆண்டுகளில், மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பே கொலாஜன் என்று வெளியிட்டார்கள். உலகின் பாடநூல்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. எந்தப் பொருளைத் தொட்டதற்காக நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்தப் பொருளின் உள்ளமைப்பைக் கண்டதுதான் கிண்டி வளாகத்துக்கு உலகப் புகழ் தந்தது. தோலில் தீட்டு என்றும் இருந்ததில்லை. தீட்டு பார்த்தவர் கண்ணில் இருந்தது.

தோல் ஆராய்ச்சி நிலையத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் நாயுடம்மா. குண்டூர் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1985ஆம் ஆண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் வீழ்ந்தபோது உயிர் நீத்தார். இன்று அந்நிலையத்தின் முன் நிற்கும் பெரிய வினா வேறொன்று. பதனிடும் தொழிலில் பயன்படும் குரோமியமும் உப்பும் ஆற்றிலும் கிணற்றிலும் கலக்காமல் தடுப்பது எப்படி? பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மக்களைக் கேட்டால் அந்த வினாவின் சூடு தெரியும். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வோரும், கெட்ட நீரைக் குடிப்போரும் பெரும்பாலும் நம்மவர்களே. அப்படியிருக்க, விடை காணும் ஆய்வுக்கூடத்தில் மட்டும் நம்மவர் அரிதாக இருப்பது சரியா?

அடுத்து நீர். நம் ஊர்க் கிணறுகள் கடலுக்கு அருகில் இருப்பவை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உப்பு உள்ளே புகுந்துவிடும் என்பது உங்கள் வீட்டுக் குழாயே சொல்லும் பாடம். இந்தக் கடற்கரைச் சாலையிலேயே நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பதினைந்து கோடி லிட்டர் ஆலை ஒன்றும் அதனோடு சேர்ந்தது. நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியாக அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை அது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் துறையில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் என்பவர், மிக நுண்ணிய வெள்ளித் துகள்களால் நீரிலிருந்து பூச்சிக்கொல்லி நஞ்சை நீக்கும் வழி கண்டார். ஆர்சனிக் நஞ்சை நீக்கும் பொருளையும் உருவாக்கினார். 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உப்பு நீர் குடித்து வளர்ந்த கொட்டிவாக்கத்துப் பிள்ளைக்கு, அந்த ஆய்வுக்கூடத்தில் கேட்பதற்கு ஆயிரம் கேள்விகள் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சரி, உள்ளே போகும் வழி என்ன? இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதற்படி, மேல்நிலை வகுப்பில் வேதியியலும் கணிதமும் உள்ள பிரிவு. இரண்டாம் படி, பி.எஸ்சி. வேதியியல். மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி ஆகியவை நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. மாநிலக் கல்லூரியின் வேதியியல் துறை பழம்பெருமை உடையது. நாட்டின் பட்நாகர் பரிசு வேதியியலுக்கு முதன்முதலாக 1960ஆம் ஆண்டில் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அங்கே பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரி.

மூன்றாம் படி, எம்.எஸ்சி. இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், பலபடி அறிவியல் எனத் தனித்தனியே துறைகள் உள்ளன. மாநில அரசின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு இங்கே நடைமுறையில் உண்டு. அதில் ஆதிதிராவிடர்க்கு அருந்ததியருக்கான 3 விழுக்காட்டையும் சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1. இரண்டாவது வழி, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள். இவற்றின் எம்.எஸ்சி. படிப்புக்கு ‘ஜாம்’ எனப்படும் நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். வழக்கமாகச் செப்டம்பரில் விண்ணப்பம் தொடங்கும். பிப்ரவரியில் தேர்வு நடக்கும். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காட்டு இடங்களும், விண்ணப்பக் கட்டணத்தில் பாதிச் சலுகையும் உண்டு. இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நான்காம் படி, ஆராய்ச்சி. ‘சி.எஸ்.ஐ.ஆர். நெட்’ தேர்வில் வேதி அறிவியலில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் தருகிறார்கள். 2023ஆம் ஆண்டு முதல் உயர்த்தப்பட்ட தொகை இது. வயது வரம்பில் நமக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. இதுவன்றிப் பட்டியல் சாதி மாணவர்க்கெனத் தேசிய ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டுப் படிப்புக்கு 1954-55ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் மத்திய அரசின் உதவித்தொகையும் இருக்கின்றன. கல்லூரிப் படிப்புக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

"இவ்வளவும் படித்து என்ன வேலை?" என்று தாய்மார்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. வேதியியல் முதுகலை முடித்துப் பி.எட். பட்டமும் பெற்றவர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகலாம். மருந்து, பெயிண்ட், உரம், உணவு ஆகிய தொழில்களில் தரம் காணும் கூடம் இல்லாத ஆலை இல்லை. குடிநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றுக்கும் பகுப்பாய்வாளர்கள் வேண்டும். மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறையை அறிவீர்கள். அதன் வேர் 1849ஆம் ஆண்டில் சென்னையில் அமைக்கப்பட்ட இரசாயனப் பரிசோதனைக் கூடம். ஒரு சாவில் நஞ்சு இருந்ததா, இல்லையா என்று நீதிமன்றத்துக்குச் சொல்பவர் வேதியியல் படித்தவர். நம் மக்கள் நீதிக்காக எத்தனை முறை அத்தகைய அறிக்கைகளுக்குக் காத்து நின்றிருக்கிறோம் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். குற்றவாளி நானே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பெண் ஒருத்தி பி.எஸ்சி. வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றாள். எம்.எஸ்சி. சேர்க்கை அறிவிப்பை நாளிதழில் கண்டு, அவளுக்கென்று நான் கத்தரித்து வைத்தேன். தேர்வுத்தாள் திருத்தும் பணியில் அந்தத் துண்டு என் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. கடைசி நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து அவளே வந்து, "ஐயா, மேலே படிக்க எப்போது விண்ணப்பம் தருவார்கள்?" என்று கேட்டாள். நான் இழுப்பறையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தேன். அவள் தேதியைப் படித்தாள். "பரவாயில்லை ஐயா, அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அடுத்த ஆண்டு அவள் வீட்டில் தந்தைக்கு நோய். இன்று ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதுகிறாள். மருந்தின் பெயரை எழுதுகிறவள், மருந்தைச் செய்கிறவளாக இருந்திருக்கவேண்டும். என்னை அறிவியல் படிக்கவிடாமல் தடுத்தவரை நான் மன்னிக்கவில்லை என்றேன். இந்தப் பெண்ணின் கணக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று பல இரவுகள் எண்ணியதுண்டு. அவர் வாய் திறந்து தடுத்தார். நான் வாய் திறக்காமல் தடுத்தேன்.

ஆகையால் செய்தியை ஒருவர் இழுப்பறையில் விட்டுவைக்கக் கூடாது. அதற்காகச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, சங்கக் கட்டடத்தின் வாசலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு படிப்பின் விண்ணப்பத் தொடக்க நாள், கடைசி நாள், கட்டணம் ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள். அதைத் தவறாது புதுப்பிக்கக் கல்லூரி மாணவர் இருவரைப் பொறுப்பாக்குங்கள். கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்பீர்கள். ஆயிரம் செய்திகளுக்கு நடுவே வருவது கண்ணில் படுவதில்லை. வாசலில் எழுதியது படும்.

இரண்டு, சான்றிதழ் முகாம். சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைப் பள்ளி இறுதி வகுப்பிலேயே பெற்றுவைக்கவேண்டும். மத்திய அரசின் நிறுவனங்கள் தமக்குரிய படிவத்தில் சாதிச் சான்று கேட்கும். அதையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக இடத்தை இழந்தவர்கள் உண்டு.

மூன்று, விண்ணப்ப நிதி. ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். இதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இன்றே செயலாளரிடம் அளிக்கிறேன். பெருமைக்காக அல்ல, அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியாக.

இந்தப் பகுதிக்கு இது புதிய வழக்கமன்று. பண்டிதர் அயோத்திதாசரின் வேண்டுகோளை ஏற்று, கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு அடையாற்றுக்கு அருகே நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். பரங்கிமலையில் பிறந்த எம். சி. இராஜா, பள்ளி ஆசிரியராக இருந்தே சட்டமன்றம் வரை நம் குரலைக் கொண்டுபோனார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுக் கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். நமக்கு முன்னே நடந்தவர்கள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் கிண்டி வரை போவதற்குக் கப்பல் வேண்டாம். பேருந்துச் சீட்டுப் போதும்.

இளைஞர்களே! உள்ளே போகும்போது சிலர் உங்களை ஏற இறங்கப் பார்க்கக்கூடும். "உனக்கு எதற்கு?" என்று இன்றும் கேட்கக்கூடும். அன்று என் தாயாருக்கும் எனக்கும் விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். தோலையும் சுண்ணாம்பையும் உப்பையும் நீரையும் எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குள் போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்தக் கரும்பலகைக்கு இடம் பார்த்துவிட்டு வீடு திரும்புவோம்.